ஜீனோவின் மறுவரவு

முடிந்த கதைக்குத் தொடர்ச்சி எழுதுவது எளிதன்று. சுஜாதா ஆனந்த விகடனில் எழுதி, பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்த 'என் இனிய இயந்திரா' 2021ஆம் ஆண்டை நிலைக்களனாகக் கொண்டது. நாட்டை ஆளும் ஜீவா வெறும் ஒளியுருவமே என்னும் மர்மம் அதன் உயிர்நாடி. மர்மம் ஒருமுறைதான் அவிழும். ஆகவே 'மீண்டும் ஜீனோ' என்னும் இரண்டாம் தொடருக்கு வேறு பிடிமானம் வேண்டியிருந்தது. இயந்திர நாயிடம் ஆசிரியர் அதைக் கண்டார்.

தலைப்புகளே இதைக் காட்டும். முன்னதில் இயந்திரத்தைப் பொதுப்பட விளித்தவர், பின்னதில் பெயர் சொல்லி அழைக்கிறார். நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா என மாந்தர் பெயர்கள் இரண்டெழுத்தாய்ச் சுருங்கிய நாடு அது. நாயின் பெயருக்கும் அதே அளவுதான்! லாயாங் லாயாங் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்கு நின்று பெயர் கொடுத்த தலைமுறைக்கு இதன் கூர்மை விளக்கமின்றியே உறைக்கும். மனிதர் பதிவேட்டுப் பெயர்களாகிவிட்ட இடத்தில், நூல் படித்துச் சிந்திப்பது ஓர் இயந்திரம்.

ஆயினும் இழப்பும் உண்டு. ஜீனோ பேசப் பேச நிலா மங்குகிறாள். நாயின் நகைச்சுவையும் சில இடங்களில் மிகை. சுஜாதாவுக்கு அது பழகிய பலவீனம். கணவனைத் தேடி அலைந்தவளின் தவிப்பு முதற்கதையோடு நின்றுவிட்டது. அரியணை கிடைத்தபின் அவளுக்கென்று ஆசிரியரிடம் மிகுதியாக எதுவும் இல்லை.