பெயர் தெரிந்தால் மருந்து மாறுமா?

பெயர் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி. இருப்பதோ சிதம்பரம் அண்ணாமலைநகரில். மார்கழிப் பனியில் இதுபோன்ற மருத்துவமனைகளுக்குப் பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோவில் பக்கமிருந்து தூக்கிவரப்படும் கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஒரே தொல்லைதான்: மூக்கொழுகல், நெஞ்சில் கொர்கொர் சத்தம், நாலு வாய் பால் குடிப்பதற்குள் இரைப்பு. "நிமோனியாவா சார்?" என்று அம்மா கேட்பார்.

மூக்கில் குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்த சளியைக் கார்ட்ரிட்ஜில் விட்டுக் கருவியில் செருகினால், முக்கால் மணி நேரத்தில் வைரஸின் பெயர் வந்துவிடும். இருபதுக்கும் மேற்பட்ட கிருமிகளைத் தேடும் பேனல்கள் உண்டு, விலை ஆயிரக்கணக்கில். இன்ஃப்ளூயன்சா, ஆர்.எஸ்.வி., கொரோனா மூன்றை மட்டும் பார்க்கும் கார்ட்ரிட்ஜ், காசநோய்க்காக வாங்கிய சிபிநாட் கருவியிலேயே ஓடும். அது நமக்குச் சாதகம்.

சரி, பெயர் தெரிந்தால்? இன்ஃப்ளூயன்சாவுக்கு ஓசெல்டாமிவிர் இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன். ஆர்.எஸ்.வி.க்கு ஆக்சிஜன், மூக்கடைப்பை நீக்குதல், குடிக்க முடியாவிட்டால் குழாய்வழிப் பால். எச்.எம்.பி.வி.க்கும் அதேதான். 2025 ஜனவரியில் சென்னையிலும் சேலத்திலும் எச்.எம்.பி.வி. என்றதும் ஊரே பதறியது. 2001-லேயே நெதர்லாந்தில் கண்டறிந்த வைரஸ் அது.

ஆண்டிபயாடிக் குறையும் என்பதுதான் இந்தச் சோதனைக்குச் சொல்லப்படும் பெரிய நியாயம். பின்லாந்தின் ஓவ்லு பல்கலைக்கழக மருத்துவமனையில் 1,243 குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். முடிவு கையோடு கிடைத்த குழுவில் 27.3 சதவீதம் பேருக்கும், மற்ற குழுவில் 28.5 சதவீதம் பேருக்கும் ஆண்டிபயாடிக் எழுதப்பட்டது. இதைக் குறைந்தது என்று சொல்ல முடியாது. வியப்பும் இல்லை: வைரஸ் இருப்பதால் பாக்டீரியா இல்லை என்று ஆகிவிடாது. ரைனோவைரஸ் ஓடியாடும் குழந்தையின் மூக்கிலும் இருக்கும். சளி விட்டுப் பல நாள் ஆன பின்னும் அதன் மிச்சத்தை இந்தச் சோதனை பிடித்துக் காட்டும். போதாக்குறைக்கு, நம் பக்கம் பலர் மருந்துக் கடையில் அசித்ரோமைசின் வாங்கிக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் டாக்டரிடமே வருகிறார்கள்.

வார்டுக்குள் கதை வேறு. ஆர்.எஸ்.வி. குழந்தைக்குப் பக்கத்துக் கட்டிலில் இதயக் கோளாறுள்ள பச்சிளங்குழந்தையைப் படுக்கவைப்பது ஆபத்து. யாரை எங்கே படுக்கவைப்பது என்று முக்கால் மணி நேரத்தில் முடிவெடுக்க இந்தச் சோதனை உதவும். ஆனால் கருவி அங்கேயே இருக்க வேண்டும். மாதிரியைச் சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலைய ஆய்வகத்துக்கு அனுப்பினால் வண்டியிலேயே அரை நாள் போய்விடும்.

ஆகவே, மூன்று வைரஸ் கார்ட்ரிட்ஜை மழைக்காலம் தொடங்கும் முன்பே வாங்கி, அட்மிட் ஆகும் குழந்தைகளுக்கு மட்டும் பயன்படுத்துவது நியாயமான செலவு. பெரிய பேனல் தீவிர சிகிச்சைப் பிரிவோடு நிற்கட்டும். வெளிநோயாளிப் பிரிவில் முதல் வேலை, சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவது: இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. எண்ணிக்கை அதைத் தொட்டாலோ, விலா உள்ளிழுத்தாலோ, குச்சியை எடுக்கும் முன்பே குழந்தையை உள்ளே அனுப்ப வேண்டும்.