சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி: பழைய கார் விளம்பரத்தை ரசிப்பது எப்படி?

“1984 மாடல் அம்பாசடர் மார்க் 4. டீசல். சிங்கிள் ஓனர். டாக்டர் வண்டி. ஒரிஜினல் 45,000 கி.மீ. மட்டும். எஃப்.சி. கரண்ட். பாடி லைன் சுத்தம். குழந்தை மாதிரி பார்த்துக்கொண்ட வண்டி. ஒரு ரூபாய் செலவு இல்லை. ரோட்டில் நின்றால் கூட்டம் கூடும். பணத்தேவையால் மனசில்லாமல் விற்பனை. நேரில் பார்த்தால் விடமாட்டீர்கள். டைம்பாஸ் பார்ட்டிகள் தவிர்க்கவும்.”

இது எந்த ஒருவரும் கொடுத்த விளம்பரம் இல்லை. சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரத்தில் பழைய வண்டி கைமாறும் இடங்களில் புழங்கும் சொற்களைப் பொறுக்கிக் கோத்தது. ஆனால் படித்ததும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது அல்லவா? அந்த ‘எங்கேயோ பார்த்த’ தன்மைதான் இதன் முதல் அழகு. நாட்டுப்புறக் கதைக்கு ‘ஒரே ஒரு ஊரிலே’ போல, இதற்கு ‘சிங்கிள் ஓனர்’.

இதைப் படித்து ஏமாறுகிறவர்கள் உண்டு; எரிச்சல்படுகிறவர்கள் அதைவிட அதிகம். ரசிக்கிறவர்கள்தான் குறைவு. ரசிக்கக் கற்றுக்கொள்ள ஜேடர்பாளையம் நல்ல இடம். காவிரியின் குறுக்கே படுகை அணையும், அங்கிருந்து பிரியும் ராஜவாய்க்காலும், வாய்க்கால் பாசனத்தில் கரும்பும், கரும்பைக் காய்ச்சும் ஆலைக் கொட்டகைகளும் உள்ள ஊர். பக்கத்துப் பிலிக்கல்பாளையத்தில் வெல்ல ஏலம் நடக்கிறது. வெல்லம் ரொம்ப வெளுப்பாக, பளிச்சென்று இருந்தால் இங்கே விவரம் தெரிந்தவர்கள் மயங்க மாட்டார்கள். நிறத்துக்காக ஏதோ கலந்திருக்கிறதோ என்று உருண்டையை உடைத்து உள்பக்கம் பார்ப்பார்கள். புதுப் பெயிண்ட் அடித்த பழைய அம்பாசடரின் விளம்பரத்தையும் அதே கண்ணோடு உடைத்துப் பார்க்கலாம்.

முதலில் வாய்விட்டுப் படியுங்கள்

மேலே உள்ள விளம்பரத்தைச் சத்தமாகப் படித்தால் ஒன்று தெரியும். பாதி தூரம் வரை வினைமுற்றே கிடையாது. ‘சிங்கிள் ஓனர்.’ ‘டாக்டர் வண்டி.’ ‘எஃப்.சி. கரண்ட்.’ எல்லாம் பெயர்ச்சொல் அடுக்கு. யார் செய்தார், எப்போது செய்தார் என்று கேட்க இடமே வைக்காத நடை. வினைச்சொல் வரும்போது அது வாங்குகிறவரின் தலையில் ஏறி உட்காரும்: ‘விடமாட்டீர்கள்’, ‘தவிர்க்கவும்’, வாய்ப்பேச்சானால் ‘வந்து தூக்கிட்டுப் போங்க’.

இந்தத் தாளம் காருக்கு முன்னாலேயே இந்த மண்ணில் இருந்தது. மாட்டுச் சந்தைத் தரகர் பேசுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: எத்தனை பல், சுழி சுத்தமா, ஏருக்குப் பழகியதா, வண்டிக்குப் பழகியதா என்பதெல்லாம் மூச்சு விடாமல் வரும். விலை மட்டும் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து முடியும். ‘சுழி சுத்தம்’ போய் ‘பேப்பர் சுத்தம்’ வந்திருக்கிறது. துண்டுக்குப் பதிலாக ‘விலை நேரில்’ என்ற இரண்டு சொல். விற்கும் இடத்துக்கும் கௌரவமான பெயர் வந்துவிட்டது. கொங்குப் பக்கம் பழைய கார் விற்கும் கடையை யாரும் கடை என்பதில்லை, ‘கன்சல்டிங்’ என்பார்கள். வைத்தியரிடம் ஆலோசனை கேட்கப் போவதுபோல.

நன்னூலைக் கையில் எடுங்கள்

பவணந்தி முனிவரின் ஊரான சனகாபுரம், பெருந்துறை அருகே உள்ள இன்றைய சீனாபுரம் என்பார்கள். ஜேடர்பாளையத்திலிருந்து ஆற்றைக் கடந்தால் அதிக தூரமில்லை. அவருடைய நன்னூல் ‘தகுதி வழக்கு’ என்று மூன்றைச் சொல்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பழைய கார் விளம்பரத்தை ரசிக்க இதைவிட நல்ல கையேடு எழுதப்படவில்லை.

மங்கலம் என்பது நல்லதல்லாததை நல்ல சொல்லால் சொல்வது. விளக்கை அணை என்னாமல் குளிரவை என்பதுபோல. ஓடாமல் கிடந்த கார் ‘ஷெட்டிலேயே நின்ற வண்டி’ ஆகும். ஓட்டவே முடியாததற்குப் பெயர் ‘பேட்டரி மட்டும் போட்டால் போதும்’. இந்த ‘மட்டும்’ என்ற சொல்லைச் சற்று நின்று ரசிக்க வேண்டும். அது சுமக்கும் பாரத்தை அம்பாசடரின் பின்பக்கப் பட்டைகூடச் சுமந்ததில்லை.

இடக்கரடக்கல், சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது. கார் விஷயத்தில் சபையில் சொல்லக் கூசுவது துரு. ஆகவே ‘கீழே கொஞ்சம் டிங்கரிங் வேலை இருக்கும்’. எஞ்சின் தேய்ந்து எண்ணெய் குடித்தால், ‘ஆயில் லேசாகக் கேட்கும்’. கேட்கும் என்றால் பிள்ளை மிட்டாய் கேட்பதுபோல ஒரு செல்லம் வந்துவிடுகிறது. லிட்டர் கணக்கு பின்னால் தெரியும்.

குழூஉக்குறி, ஒரு கூட்டத்தார் தமக்குள் வைத்துக்கொள்ளும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது பழைய உதாரணம். ஆர்.சி., எஃப்.சி., ஹெச்.பி., என்.ஓ.சி. என்பவை புதியவை. ‘ஹெச்.பி. இல்லை’ என்றால் குதிரைத்திறன் இல்லை என்று பொருளல்ல. கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இல்லை என்று பொருள். சொந்தக் காருக்கு ‘அஞ்சு வருஷ எஃப்.சி.’ என்றால், 15 ஆண்டுப் பதிவு முடிந்து ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்றுக்கும் மேலே அணி இலக்கணம் இருக்கிறது. ‘ரோட்டில் நின்றால் கூட்டம் கூடும்’ என்பதை உயர்வு நவிற்சி என்று விடலாம். ஆனால் நெடுஞ்சாலையில், நடு மத்தியானத்தில், பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாலும் கூட்டம் கூடும். அப்போது அது சிலேடை.

அடைமொழியை ரசியுங்கள், எண்ணைக் கணக்குப் போடுங்கள்

1891இல் லண்டனில் ஒரு நிறுவனம், தன் புகைக்குடுக்கையை முறைப்படி உறிஞ்சியும் காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருவதாக விளம்பரம் செய்தது. கார்லில் என்ற அம்மையாருக்குக் காய்ச்சல் வந்தது. அது வெறும் விளம்பரப் பேச்சு என்று நிறுவனம் வாதாடியது. 1,000 பவுண்டை வங்கியில் போட்டிருப்பதாகவும் அதே விளம்பரத்தில் எழுதியிருந்தீர்களே என்று நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. ஒப்பந்தச் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் முதலில் சொல்லிக் கொடுக்கப்படும் வழக்கு இது. பழைய கார் விளம்பர ரசிகருக்கும் இது உதவும். ‘சூப்பர்’, ‘பக்கா’, ‘கல்லாட்டம்’ எல்லாம் காற்று. எண் வந்துவிட்டால் பேச்சு மாறுகிறது.

45,000 கி.மீ.யை எடுத்துக்கொள்வோம். 40 வருடம் ஓடிய காருக்கு இது நாளுக்குச் சுமார் மூன்று கி.மீ. வாரம் ஒருதடவை ஜேடர்பாளையத்திலிருந்து பரமத்தி வேலூர் போய்வரக்கூடப் போதாது. டாக்டர் நோயாளி வீட்டுக்கு நடந்தே போயிருக்க வேண்டும். விடை மீட்டரில் இருக்கிறது. பழைய கார்களின் மீட்டரில் பொதுவாக ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டியதும் மறுபடி பூஜ்யத்தில் பிறக்கும். எத்தனையாவது பிறவி என்பதை மீட்டர் சொல்லாது. மீட்டர் கேபிள் அறுந்து ஓடிய வருடங்களும் கணக்கில் வராது. ‘ஒரிஜினல் 45,000’ என்பது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மீட்டர் காட்டுவது ஒரிஜினலாக அதுதான்.

‘சிங்கிள் ஓனர்’ இதைவிட நுட்பம். வண்டி கைமாறினால், மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டம். நடைமுறையில், விற்றவரின் கையெழுத்து மட்டும் போட்ட படிவங்கள் காரின் டாஷ்போர்டிலேயே ஊர் ஊராகப் பயணம் போகும். நான்கு பேர் ஓட்டி, நான்கு பேர் இடித்து, நான்கு பேர் டிங்கரிங் பார்த்த பிறகும் ஆர்.சி.யில் ஒரே பெயர்.

டாக்டர் யார் என்று கேளுங்கள்

ஏன் எப்போதும் டாக்டர்? வக்கீல் வண்டி, கான்ட்ராக்டர் வண்டி என்று யாரும் போடுவதில்லை. டாக்டர் என்றால் நிதானமாக ஓட்டுவார், சர்வீசுக்குக் காசு பார்க்க மாட்டார், நல்ல சாலையில் மட்டும் போவார் என்று ஒரு நம்பிக்கை. அடுத்த இடம் பேங்க் மேனேஜருக்கும் ரிட்டயர்டு வாத்தியாருக்கும். ஜீப் என்றால் மட்டும் கதை தலைகீழ்: ‘மிலிட்டரி ஏலத்தில் எடுத்தது’. காட்டிலும் மேட்டிலும் அடிபட்டது என்பதே அங்கே பெருமை.

அமெரிக்காவில் இந்த இடத்தில் இருப்பவர் ஒரு பாட்டி. ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலுக்கு மட்டும் கார் எடுத்தவர். பழைய கார் வியாபாரிகள் சொல்லிச் சொல்லி அந்தப் பாட்டி கேலிப்பொருளாகி, கடைசியில் 1964இல் ஜான் அண்ட் டீன் பாடிய, பாசடீனாப் பாட்டி பற்றிய பாட்டில் பேய்வேகத்தில் பறக்கிறார்.

பெரிய ஏல நிறுவனங்களும் இதே வேலையைத்தான் கோட்டு சூட்டு போட்டுச் செய்கின்றன. 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஒரு ஃபெராரி 250 கலிஃபோர்னியா ஸ்பைடர் 1.63 கோடி யூரோவுக்குப் போனது. மேற்குப் பிரான்சில் ஒரு பண்ணைக் கொட்டகையில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த கார். முன்னாள் சொந்தக்காரர் நடிகர் அலென் டெலோன். தூசியைத் துடைக்காமலே காட்சிக்கு வைத்தார்கள். அங்கே தூசிக்கும் விலை. கரும்பாலைக் கொட்டகையில் கிடக்கும் பத்மினி காரை இங்கே விற்பதென்றால் முதல் வேலை வாட்டர் சர்வீஸ், அடுத்தது எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம்.

‘இல்லை’ என்பதை எண்ணுங்கள்

விளம்பரத்தில் மிகச் சுவையான பகுதி, கேட்காமலே மறுப்பது. ‘மேஜர் ஆக்சிடென்ட் இல்லை’ என்றதும் மைனர் விபத்துகள் வரிசையாக மனதில் வந்து நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கார்கள் மூழ்கிய பிறகு, ‘தண்ணீர் ஏறாத வண்டி’ என்ற சொல்லுக்குப் புதுக் கனம் வந்தது.

ஜேடர்பாளையம் பக்கம் இதற்கு நல்ல உதாரணம் டிராக்டர். ‘சேற்றில் இறங்காத வண்டி’ என்பது பழைய டிராக்டருக்குக் கொடுக்கும் உச்சப் பாராட்டு. சேற்றுழவு ஆயில் சீல்களையும் பேரிங்கையும் சீக்கிரம் தின்றுவிடும் என்பதால் அந்த மதிப்பு. நியாயம்தான். ஆனால் ராஜவாய்க்கால் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே வாழ்ந்த ஒரு டிராக்டர் சேற்றையே பார்க்காமல் இருந்தது என்றால், அது தாமரை இலை வம்சம்.

எது பெருமை என்று ஊருக்கு ஊர் பாருங்கள்

வெளிநாட்டு விளம்பரத்தில் உச்சச் சொல், பிறந்த எஞ்சினே இன்னும் இருக்கிறது என்பது. எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பொருந்தாவிட்டால் விலை சரியும். நம் அம்பாசடர் விளம்பரத்திலோ ‘இசுசு எஞ்சின் ஏற்றியது’ என்பது கொட்டை எழுத்தில் வரும். 1950களின் இறுதியில் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை மாதிரியாக வைத்துத் தொடங்கி, உத்தர்பாராவில் 2014 மே வரை ஓடிய அந்தக் காரை, நம்மவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வாங்கவில்லை. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பழனிக்கும் பத்துப் பேரை ஏற்றிப் போக வாங்கினார்கள். எஞ்சின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால், அந்தக் கொட்டை எழுத்தில் உள்ளது நேர்மையான பெருமை.

நேர்மை குறைந்த சொல் ‘வின்டேஜ்’. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயதைத் தாண்டிய வண்டிதான் வின்டேஜ். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; எண் பலகையில் மாநில எழுத்துக்குப் பின் ‘வி.ஏ.’ என்று வரும். அன்றாடம் ஓட்டவோ வியாபாரத்துக்கோ கூடாது. 1996 மாடல் பத்மினியை ‘வின்டேஜ்’ என்பது, நாற்பது வயதுக்காரருக்குச் சதாபிஷேகம் செய்வது.

கடைசியாக, நேரில் போங்கள்

வாங்க வேண்டாம், போய்ப் பாருங்கள். விளம்பரத்தில் ‘மனசில்லாமல் விற்பனை’ என்று இருந்தால் கட்டாயம் போங்கள். மற்ற சொற்களை எல்லாம் உடைத்துப் பார்த்த கண்ணோடு இதையும் உடைக்கலாம் என்று போனால், சில வாசல்களில் அது உடையாது. படுதாவை எடுக்கும்போதே பெரியவர் துண்டால் பானட்டைத் துடைப்பார். ஸ்டீயரிங் கியரை எப்படிப் போட வேண்டும் என்று காட்டுவார். எந்த மகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு இதில் நடந்தது என்பார். ‘ஒருக்கா ஓட்டிப் பார்க்கலாங்களா?’ என்று கேட்டால், ‘அதுக்கென்னங்க’ என்று சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் அவரே ஏறி உட்கார்ந்துகொள்வார். படுகை அணை வரை போய்த் திரும்புவதற்குள் விலை இரண்டு தடவை ஏறியிருக்கும். சாவி மட்டும் அவர் சட்டைப் பையிலேயே இருக்கும்.