மூணு படம் நாப்பது ரூவா

வீட்டுப் பரணில் பழைய டி.வி.டி.க்கள் கிடந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். தூசி தட்டிவிட்டு, படத்தைப் போடுவதற்கு முன்னால் உறையைப் படியுங்கள். (போட்டுப் பார்க்க பிளேயர் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.) முன்பக்கம் ஹீரோவின் முகம். மூலையில் மஞ்சளாக ஒரு நட்சத்திரம், அதற்குள் கொட்டை எழுத்தில் ‘3 இன் 1’. பின்பக்கம் பார்கோடு, கம்பெனி முகவரி, திருட்டு வி.சி.டி. வாங்காதீர்கள் என்று ஓர் உபதேசம். டைரக்டர் யார்? எந்த வருஷம் வந்த படம்? எத்தனை நிமிஷம்? பல உறைகளில் மூச்சுப் பேச்சு இருக்காது.

திருநெல்வேலியில் ஜங்ஷன் பக்கம் இதையெல்லாம் நடைபாதையில் விரித்து விற்ற காலம் ஒன்று உண்டு. பேரம் இப்படிப் போகும்:

“அண்ணாச்சி, கட்டபொம்மன் மட்டும் போதும். தனியா குடுங்க.”

“சீடி ஒண்ணுதானே சார் இருக்கு. அறுத்தா குடுக்க முடியும்? மூணு படம் நாப்பது ரூவா, எடுத்துட்டுப் போங்க.”

பதில் சொல்ல முடியாது. வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

சலுகைக்கு நான் விரோதி இல்லை. அதற்கு முன்னால் ஒரிஜினல் டி.வி.டி. என்பது நூறு, இருநூறு என்று விற்ற சாமான். வெளிநாட்டுத் தமிழர்களை மனதில் வைத்துப் போட்ட விலை. பாளையங்கோட்டை வாத்தியார் வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. முப்பது ரூபாய்த் திருட்டு டிஸ்க்தான் கட்டுப்படியாகும். 2004-ல் வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அது செய்யாததை விலை செய்தது. 2007 வாக்கில் மோசர் பேயர் கம்பெனி (காலி டிஸ்க் தயாரித்து உலகம் பூராவும் விற்றுக்கொண்டிருந்தவர்கள்) வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும், டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தது. திருடன் விலையிலேயே ஒரிஜினல். மளிகைக் கடையில்கூட சோப்புக்குப் பக்கத்தில் சிவாஜியும் எம்.ஜி.ஆரும் தொங்கினார்கள். அதே சமயம்தான் தி.மு.க. அரசின் இலவச கலர் டி.வி.யும் வீடு வீடாக வந்துகொண்டிருந்தது. மலிவாக ஒரு சீன பிளேயரும் சேர்ந்ததும் கூரை வீட்டுக்குள் தியேட்டர் வந்துவிட்டது. இதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

என் சண்டை அதற்கப்புறம் நடந்ததோடு. விலையை இதற்கு மேல் குறைக்க முடியாது என்று ஆனதும் பலரும் எண்ணிக்கையில் இறங்கினார்கள். மூன்று படம், நாலு படம், திருட்டு டிஸ்கில் ஆறு படம் வரைக்கும். இலவசமாக வந்த அந்த இரண்டு படங்களுக்கு யார் காசு கொடுத்தது? கொஞ்சம் கணக்குப் போடலாம், பயப்படாதீர்கள்.

சாதாரண ஒற்றை அடுக்கு டி.வி.டி.யில் 4.7 ஜிகாபைட் கொள்ளும். நம்ம படம் இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு படத்தை அதில் வைத்தால், ஒவ்வொரு விநாடிக்கும் சுமார் 42 லட்சம் பிட் செலவழிக்கலாம். மூன்று படத்தைத் திணித்தால் விநாடிக்கு 14 லட்சம்தான். இந்த 14 லட்சம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று பார்த்தால், அது பழைய வி.சி.டி.யின் கணக்கு! படமும் சத்தமும் சேர்ந்து அதற்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது டி.வி.டி. என்று லேபிள் ஒட்டி, வி.சி.டி. சரக்கைத் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

உண்மையில் அதைவிட மோசம். வி.சி.டி.யின் படத்தில் இருக்கும் புள்ளிகளைப் போல டி.வி.டி.யின் படத்தில் நாலு மடங்கு புள்ளிகள். ஒரு பந்திக்குப் பொங்கின சோற்றை நாலு பந்திக்குப் பரிமாறினால் என்ன ஆகும்? குதிரை ஓடினால் கட்டம் கட்டமாக உடைகிறது. இருட்டுக் காட்சியில் கறுப்பு, கறுப்பாக இல்லாமல் சாம்பல் திட்டுக்களாக நெளிகிறது. இரண்டடுக்கு டி.வி.டி. என்று 8.5 ஜிகாபைட்டில் ஒன்று உண்டு. அதில் மூன்று படம் வைத்தால் ஓரளவு தாங்கும். நாப்பது ரூபாய்க்கு அதை எதிர்பார்க்கக் கூடாது.

அப்படியும் இடம் போதவில்லை என்றால் பாட்டை வெட்டுவார்கள். நான் வாங்கின ஒரு டிஸ்கில் (கம்பெனி பெயர் வேண்டாம்) கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போடுவதற்கு முன்னாலேயே படம் முடிந்து மெனு வந்துவிட்டது. 1799-ல் வெள்ளைக்காரன் காட்டாத கருணையை ஒரு டிஸ்க் காட்டியது.

அகலத்திலும் கைவைத்தார்கள். இலவச டி.வி. 14 அங்குலம், நாலுக்கு மூணு என்ற பழைய சட்டம். சினிமாஸ்கோப் படத்தை அதில் மேலே கீழே கறுப்புப் பட்டை இல்லாமல் முழுசாக நிரப்பினால், படத்தின் இரண்டு பக்கங்களிலும் சேர்த்து நூற்றுக்கு 43 பங்கு காணாமல் போய்விடும். உறையில் ‘ஃபுல் ஸ்கிரீன்’ என்று பெருமையாகப் போட்டிருந்ததற்கு இதுதான் அர்த்தம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசினால் இரண்டு மூக்கு மட்டும் தெரியும்.

இந்த விஷயத்தில் வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் புத்திசாலிகள் என்று சொல்ல வரவில்லை. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ இரண்டாம் பாகத்தின் பரிசுப் பெட்டியில் கோலமின் சிலை ஒன்றை வைத்து விற்றார்கள். அலமாரியில் இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். ஆனால், கிரைட்டீரியன் 2015-ல் வெளியிட்ட சத்யஜித் ராயின் அப்பு படங்கள் மூன்றும் ‘3 இன் 1’தான். 1993-ல் லண்டனில் தீப்பிடித்துக் கருகின நெகடிவை எப்படிக் காப்பாற்றினார்கள் என்கிற விவரம் வரை அந்த வெளியீட்டோடு கிடைக்கிறது. அங்கே உறை என்பது படத்தின் ஜாதகம் மாதிரி.

ஜாதகம் என்றதும் திரும்ப நம்ம ஊருக்கு வருகிறேன். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959, ‘கப்பலோட்டிய தமிழன்’ 1961. இரண்டுமே பழைய திருநெல்வேலிச் சீமையின் கதை. இரண்டிலும் சிவாஜி. இரண்டையும் இயக்கியவர் பி.ஆர்.பந்துலு, கோலார் பக்கத்துக்காரர். இரண்டுக்கும் இசை ஜி.ராமநாதன். முதல் படத்தின் வசனத்தை நெல்லையில் சின்னப் பையன்கள்கூட பள்ளிக்கூட மேடையில் கர்ஜித்திருக்கிறார்கள். எழுதினவர் சக்தி கிருஷ்ணசாமி என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ‘சிவாஜி ஹிட்ஸ்’ என்கிற டப்பாவில் இந்தப் பெயர்களுக்கு இடம் கிடையாது. நட்சத்திரத்துக்குள் எழுதின ‘3 இன் 1’-க்கு இருக்கிற இடம் பந்துலுவுக்கு இல்லை.

தாமிரபரணிப் படுகையில் பத்தமடை என்று ஓர் ஊர். அங்கே கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பேரைக் கோரையிலேயே நெய்து கொடுப்பார்கள். பெயர் போடுவதென்றால் அதுதான் பெயர் போடுவது. நெய்தவர் பெயர் அதிலும் இருக்காது என்பது வேறு சங்கதி. பாய்க்கு அது பழக்கம். சினிமாவுக்கு டைட்டில் கார்டு என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்து நாலு வரி எழுத என்ன செலவு?

சலுகை வரிசை இன்னொன்றும் செய்தது. எது சினிமா, எது இல்லை என்று அதுவே தீர்மானித்தது. 2007 பொங்கலுக்கு ஹரி இயக்கி விஷால் நடித்த ‘தாமிரபரணி’ வந்தது. அந்த மாதிரிப் படத்துக்குக் கடையில் இடம் உண்டு. அதே ஆற்றைப் பற்றி இன்னொரு படமும் உண்டு. 1999 ஜூலை 23-ம் தேதி மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசை நோக்கிப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தி, 17 பேர் செத்தார்கள். ஆற்றில் விழுந்தவர்களில் பெண்களும் குழந்தையும் உண்டு. ஆர்.ஆர்.சீனிவாசன் அதை ‘நதியின் மரணம்’ என்று ஆவணப்படமாக எடுத்தார். ஹீரோ முகம் இல்லாத, ‘3 இன் 1’-ல் எதோடும் சேராத படம். ஆற்றின் பேரில் இரண்டு படங்கள் இருந்தும், மளிகைக் கடைக் கொடியில் தொங்குகிற தகுதி ஒன்றுக்குத்தான்.

இப்போது எல்லாமே போய்விட்டது. 2015-ல் சேரன் ‘சினிமா டூ ஹோம்’ என்று தன் புதுப்படத்தை நேராக 50 ரூபாய் டி.வி.டி.யாக வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார், நிலைக்கவில்லை. 2018 செப்டம்பரில் மோசர் பேயரைக் கலைக்க உத்தரவு வந்தது. அதே மாதம் 28-ம் தேதிதான் நெல்லை மண்ணிலிருந்து ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. அதைத் தியேட்டரில் தவறவிட்டவர்கள் நடைபாதையில் தேடவில்லை, போனில் தேடினார்கள்.

போனில் கிடைக்கும்போது பரண் எதற்கு என்று கேட்பீர்கள். ஒப்பந்தம் முடிந்தால் அங்கே படம் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். பழைய படங்களில் பாதி எட்டிக்கூடப் பார்க்காது. உரிமை யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’ 1931-ல் வந்தது, இன்று பார்க்க ஒரு பிரதி கிடையாது. அடுத்தடுத்த படங்களுக்கு அந்தக் கதி வராமல் கொஞ்சமாவது தடுத்தவை இந்த நாப்பது ரூபாய் டிஸ்க்குகள்தான் என்பது வேடிக்கை. அதனால்தான் உறையில் விட்டுப்போன நாலு வரியும், திணித்ததில் நசுங்கிப்போன பிட்டும் எனக்கு இவ்வளவு எரிச்சல். சில படங்களைப் பொறுத்தவரை உங்களிடமும் என்னிடமும் மிஞ்சியிருப்பது அந்த நசுங்கின பிரதிதான்.

பரணிலிருந்து இறக்கினதைக் குப்பைக்குப் போடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். டிஸ்க் டிரைவ் உள்ள கம்ப்யூட்டர் யாரிடமாவது இருக்கும். போட்டு, ஒரு படம் எத்தனை ஜிகாபைட் என்று பாருங்கள். நாலுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல பிரதி. ஒன்றரை என்றால் ‘3 இன் 1’ ஜாதி. நல்லதை வேறு இடத்தில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். டிஸ்கைப் படுக்கப் போட்டு அடுக்காமல் நிறுத்தி வையுங்கள், அதன் மேல் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள். எழுத வேண்டுமானால் உறையின் பின்பக்கம், பார்கோடுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. படத்தின் முதல் மூன்று நிமிஷம் ஓடவிட்டால் எழுத வேண்டிய பெயர்கள் வரிசையாக வரும். வெட்டாமல் விட்டிருந்தால்.