அகச்சான்றும் ஆசிரியர் அடையாளமும்: 'மணி எலெக்ட்ரிக்' ஆவணப்படத்தின் சான்றாய்வு முறை குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பிட்காயின் என்னும் எண்ணிம நாணயத்தைத் தோற்றுவித்த 'சத்தோசி நகமோட்டோ' யார் என்பதை ஆராயும் 'மணி எலெக்ட்ரிக்: தி பிட்காயின் மிஸ்டரி' (2024) ஆவணப்படத்தின் சான்றாய்வு முறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. ஆசிரியர் அடையாளத்தைத் துணியத் தமிழாய்வு கையாளும் அகச்சான்று, புறச்சான்று என்னும் அளவைகளும், காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டும் பொதுநம்பிக்கை நெறியும் இம்மதிப்பீட்டுக்கு அடிப்படையாகின்றன.

திறவுச்சொற்கள்: ஆவணப்படம், பிட்காயின், புனைபெயர், அகச்சான்று, புறச்சான்று, உத்திரமேரூர், குடவோலை.

1. முன்னுரை

2008 அக்டோபர் 31 அன்று 'சத்தோசி நகமோட்டோ' என்னும் பெயரில் ஒன்பது பக்க ஆய்வுரை ஒன்று வெளிவந்தது. வங்கியின் இடையீடு இன்றி இருவர் தமக்குள் பணம் மாற்றிக்கொள்ளும் வழியை அது விளக்கியது. 2009 சனவரி 3இல் அந்நாணயத்தின் முதல் பிளாக் உருவானது. 2011க்குப் பின் அப்பெயருக்குரியவர் அமைதியானார். அவரைக் கண்டறிந்ததாகக் கூறும் முயற்சிகள் அன்றுமுதல் தொடர்கின்றன. 2014இல் 'நியூஸ்வீக்' இதழ் கலிபோர்னியாவில் வாழ்ந்த முதியவர் ஒருவரைச் சுட்டியது. அவர் அதனை மறுத்தார். தாமே சத்தோசி என உரிமை கோரிய கிரெய்க் ரைட் என்பவர் சத்தோசி அல்லர் என 2024 மார்ச்சில் இலண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் எச்.பி.ஓ. நிறுவனம் கல்லன் ஹோபேக் இயக்கிய இப்படத்தை வெளியிட்டது. கனடா நாட்டு நிரலாளர் பீட்டர் டாட் என்பவரைப் படம் சத்தோசியாகச் சுட்டுகிறது.

2. படம் முன்வைக்கும் சான்றுகள்

பிட்காயினின் தோற்றத்தையும் அதனைச் சூழ்ந்த அரசியலையும் விரித்துரைக்கும் பகுதிகள் படத்தின் வலிமையாகும். பொதுப் பார்வையாளருக்குக் கடினமான தொழில்நுட்பம் இங்குத் தெளிவாக எடுத்துரைக்கப்படுகிறது. ஆடம் பேக் போன்ற மூத்த மறையீட்டியலாளர்களின் நேர்காணல்களும் ஆவண மதிப்புடையவை.

அடையாளத் துணிபுக்கு வரும்போது படத்தின் அடித்தளம் மெலிகிறது. முதன்மைச் சான்றுகள் இரண்டு. 2010 டிசம்பரில் சத்தோசி எழுதிய தொழில்நுட்பக் குறிப்பொன்றுக்கு டாட் இட்ட மறுமொழி முதலாவது. அது சத்தோசியின் கூற்றைத் தொடர்ந்து முடிப்பதுபோல் அமைந்திருப்பதால், ஒருவரே தவறுதலாகத் தம் சொந்தப் பெயரில் எழுதிவிட்டார் எனப் படம் கருதுகிறது. பிட்காயின்களைப் 'பலியிடுதல்' பற்றித் தாம் நன்கறிந்தவர் என்றும், அதனைத் தாமே ஒருமுறை செய்தவர் என்றும் டாட் பின்னாளில் எழுதிய உரையாடல் வரி இரண்டாவது. சத்தோசி தம் செல்வத்தை அணுகும் திறவுகோல்களை அழித்துவிட்டதற்கு இது ஒப்புதல் எனப் படம் பொருள்கொள்கிறது. படத்தின் இறுதிப்பகுதியில் ஆடம் பேக் உடனிருக்க டாட்டிடம் இவை நேரில் வைக்கப்படுகின்றன. அவர் நகையாடி மறுக்கிறார். அவருடைய சிரிப்பும் தயக்கமும் அண்மைக் காட்சிகளாகச் சான்றின் இடத்தில் நிறுத்தப்படுகின்றன.

3. அகச்சான்றின் எல்லை

ஆசிரியர் அடையாளச் சிக்கல் தமிழாய்வுக்குப் புதிதன்று. குறுந்தொகை 40ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் கிடைக்காமையால் பாடலின் தொடரைக்கொண்டே 'செம்புலப்பெயல்நீரார்' என அவர் அழைக்கப்பட்டார். தெரியாத ஆளுக்கு ஊகத்தால் ஓர் ஆளைக் கற்பிக்காமல், தெரிந்த பனுவலைக்கொண்டு பெயரிட்ட நேர்மை அம்மரபில் உண்டு. ஔவையார் என்னும் ஒரே பெயர் வெவ்வேறு காலப் புலவர்க்கு வழங்கியதை ஆய்வாளர் பிரித்துணர்ந்ததும் மொழி, காலம், பிற நூற்குறிப்பு ஆகியவை ஒருங்கே துணைநின்றதால்தான்.

இவ்வளவைகளின்படி நோக்கினால், ஒரு குறிப்பைத் தொடர்ந்து எழுதுதல் ஒரே கையின் அடையாளம் ஆகாது. கற்றறிந்த வாசகர் எவரும் ஒரு கூற்றின் இடைவெளியை நிரப்பக்கூடும். உரையாசிரியர் மரபே அதற்குச் சான்று. நாணயத்தை மீளப் பயன்படுத்த இயலாதவாறு கைவிடுதலைக் குறிக்கும் கலைச்சொல்லாகவும் 'பலி' அத்துறையில் வழங்குகிறது. கலைச்சொல்லை வாக்குமூலமாகக் கொள்வது சொற்பொருட் பிழையாகும்.

புறச்சான்று இங்கு இயலாததும் அன்று. தொடக்ககால பிளாக்குகளுக்குரிய மறைத் திறவுகோலால் ஒரு செய்தியில் எண்ணிமக் கையொப்பம் இட்டால், எவரும் அதனைச் சரிபார்க்கலாம். 2016இல் ரைட் வெளியிட்ட கையொப்பம் முன்பே பொதுவில் கிடைத்த பழைய கையொப்பத்தின் மறுபயன்பாடு என வல்லுநர் விரைவில் கண்டறிந்தது இம்முறையின் வலிமையைக் காட்டும். எனினும், சுவடியை வைத்திருப்பவர் அதன் ஆசிரியராக இருக்கவேண்டும் என்பதில்லை; அதுபோலவே திறவுகோல் உடைமையும் பிற சான்றுகளோடு இணைத்தே கொள்ளத்தக்கது. படம் இவ்விரண்டு நிலைகளையும் எட்டவில்லை.

4. உத்திரமேரூர் நெறி

'யார்' என்னும் வினாவுக்குப் படம் தரும் முதன்மை, 'எவ்வாறு நம்புவது' என்னும் வினாவைப் பின்தள்ளுகிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலிலுள்ள முதலாம் பராந்தகச் சோழனின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இங்கு ஒப்புநோக்கத்தக்கன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்பட்டன. குடம் அனைவரும் காண உயர்த்தப்பட்டது. உள்ளிருப்பது அறியாச் சிறுவன் ஓலையை எடுத்தான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசித்தான். ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றோடு பொன் வாரியமும் இருந்தது. கணக்குக் காட்டாதோரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். ஈராண்டில் விதி திருத்தப்பட்டபோது அத்திருத்தமும் கல்லில் பொறிக்கப்பட்டது.

இந்நெறி நிலவுடைமை, வேதக்கல்வி ஆகியவற்றால் வரையறுக்கப்பட்ட பிராமணச் சபையினது என்பதை மறக்கலாகாது. ஆயினும் ஆளின் நற்பண்பை மட்டும் நம்பாமல், பிறர் கண்முன் சரிபார்க்கத்தக்க நடைமுறையை அது நம்பியது. பிட்காயினின் திறந்த நிரலும் பொதுப் பேரேடும் இவ்வகையில் அதனோடு ஒப்புடையன. வேறுபாடு ஒன்று உண்டு: உத்திரமேரூர் விதியை எழுதிய மத்தியஸ்தன் கல்வெட்டின் முடிவில் தன் பெயரைப் பொறித்தான், பிட்காயின் விதியை எழுதியவர் தம்மை மறைத்தார்.

அம்மறைவைப் பொதுநலன் கருதி வினவுவதில் நியாயம் உண்டு. பிட்காயினின் மொத்த வரம்பு 2.1 கோடி. அதில் ஏறத்தாழ 11 இலட்சம் சத்தோசிக்குரியது என மதிப்பிடப்படுகிறது. இருபதில் ஒரு பங்கு ஒருவர் கையில் இருப்பின் அது சந்தையைப் பாதிக்கும். எனவே தேடல் குற்றமன்று. சான்று முற்றுமுன் உயிரோடிருப்பவர் ஒருவரைச் சுட்டுவதே குறை.

5. முடிவுரை

படம் வெளிவந்தபின் தம் உயிருக்கு இடர் நேர்ந்துள்ளதாக டாட் கூறினார். தலைமறைவாக இருக்கவும் நேர்ந்தது. 2025 சனவரியில் பிரான்சில் எண்ணிம நாணயத்துறை நிறுவனமொன்றின் இணைநிறுவனர் கடத்தப்பட்டு அவர் விரல் துண்டிக்கப்பட்டதை நோக்க, அவ்வச்சம் மிகையன்று. சங்கப் புலவர் ஒருவரைப் பிழையாக அடையாளம் கண்டால் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். வாழும் மனிதருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே, அகச்சான்று ஒன்றையே கொண்டு துணியும் ஆவணப்படத்திடம் ஏட்டாய்வில் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலான சான்றைக் கோருவது முறையாகும். 'மணி எலெக்ட்ரிக்' பிட்காயினின் வரலாற்றை அறியப் பயன்படும் படம். அதன் ஆசிரியரை அறிய அன்று.