பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார்: மார்க் 2 அம்பாசடருக்குப் புது இக்னிஷன்

பழைய அம்பாசடர் மிஸ் ஆகிறது, பிக்கப் இல்லை என்றதும் பலரும் கார்புரேட்டரைக் கழற்ற உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்கச் சொல்வேன். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். என்னுடைய மார்க் 2 வண்டிக்குப் பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், மூடி, பிளக், பிளக் ஒயர் எல்லாவற்றையும் புதிதாக வாங்கி மாட்டி ஓட்டினேன். பிறகு அதே டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூலையும் பொருத்திப் பார்த்தேன்.

இந்த 1489 சிசி எஞ்சின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழியில் வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் லூகாஸ் வடிவமைப்பு. சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் இந்த வகை மின்பாகங்களை இங்கேயே செய்ததால், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் புதுப்பேட்டையில் தேடினால் பழைய இருப்பு அகப்படுகிறது. அகப்பட்டால் விலை பேசாமல் வாங்குங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குள் கரண்ட் ஏறுகிறது. திறந்த கணத்தில் காயிலின் காந்தப்புலம் சரிந்து, ஆயிரக்கணக்கான வோல்ட் பிளக்குக்குப் பாய்கிறது. எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு 100 தீப்பொறி. பாயிண்டின் இடைவெளி 0.015 அங்குலம்தான். கேமில் உரசும் குதிகால் தேயத் தேய இந்த இடைவெளி குறையும், டைமிங்கும் மெல்லப் பின்தங்கும். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் ஓட்டுபவருக்கு இழுவை குறைந்தது தெரிவதேயில்லை. புதுப் பாயிண்ட் போட்ட அன்று மேட்டில் மூன்றாம் கியரிலேயே வண்டி ஏறும்போதுதான், இத்தனை நாள் எதை இழந்திருந்தோம் என்பது புரிகிறது.

பாயிண்ட் மாற்றுவது சுலபம். புதுப் பாயிண்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் இருக்கும். பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். கேமில் ஒரு பொட்டு கிரீஸ் போதும், அதிகமானால் பாயிண்டில் தெறிக்கும். கழற்றும்போதே கவனிக்க வேண்டியது, கம்பியும் ஸ்பிரிங்கும் சேரும் இடத்தில் உள்ள இன்சுலேஷன் வாஷர் எந்த வரிசையில் இருக்கிறது என்பதை. அது இடம் மாறினால் பாயிண்ட் நிரந்தரமாக எர்த் ஆகிவிடும், தீப்பொறியே வராது.

கண்டென்சரும் ரோட்டாரும்தான் கவலை. இப்போது கடைகளில் குவிந்திருக்கும் பெயரில்லாத கண்டென்சர்கள் பல, சூடானதும் கைவிடுகின்றன. மல்டிமீட்டரில் சுமார் 0.2 மைக்ரோஃபாரட் காட்டும். அது ஆறிய நிலையில் எடுத்த அளவு மட்டுமே. பாயிண்டுக்கு நடுவே வெளிச்சமாகப் பொறி பறந்தால் கண்டென்சர் மீது சந்தேகப்படுங்கள். பழைய கண்டென்சர் நன்றாக வேலை செய்கிறதென்றால் அதைக் கழற்றவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எனக்கு வந்த செட்டில் ரோட்டார் தேறவில்லை. காயிலின் நடு ஒயரை ரோட்டாரின் பித்தளைத் தகட்டுக்கு அருகே பிடித்து, பாயிண்டைத் திறந்து மூடினேன். ரோட்டாருக்குப் பொறி தாவியது. அப்படித் தாவினால், கரண்ட் ரோட்டாரைத் துளைத்துக்கொண்டு கீழே தண்டுக்கு இறங்குகிறது என்று பொருள். வெளிப்பார்வைக்கு அது பளபளவென்று குறையில்லாமல்தான் இருந்தது. ரிவெட் இல்லாத ரோட்டார் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

மூடியில் நடுக் கார்பன் அழுத்தினால் உள்ளே போய்த் துள்ளி வெளியே வர வேண்டும். மழைக்காலத்தில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டியில், இரவு விளக்கை அணைத்துவிட்டு மூடியையும் ஒயர்களையும் பாருங்கள். கசிவு இருந்தால் நீலமாகத் தெரியும். காயிலை மாற்றுவதாக இருந்தால் ரெசிஸ்டர் தேவைப்படும் 1.5 ஓம் வகையைத் தவறிப்போய் நேரடியாக இணைக்காதீர்கள், பாயிண்ட் கருகும். இந்த வண்டிக்கு 3 ஓம் காயில் பொருந்தும்.

டைமிங் வைக்க ஒரு 12 வோல்ட் பல்ப் போதும். பிளக்குகளைக் கழற்றி, காயிலின் நடு ஒயரை எர்த் செய்து, காயிலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கும் எர்த்துக்கும் இடையே பல்பைக் கட்டுங்கள். ஹேண்டிலைப் போட்டு மெல்லச் சுற்றினால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்ப் எரியும். டைமிங் குறி நேராக வரும்போது அது எரிய வேண்டும். குறியைத் தாண்டிவிட்டால் பின்னுக்கு இழுக்காமல் மறுபடி ஒரு முழுச் சுற்று வர வேண்டும், இல்லையென்றால் செயினில் உள்ள தளர்ச்சி கணக்கைக் கெடுத்துவிடும். ஒயர்களை 1-3-4-2 வரிசையில் மாட்டுங்கள்.

எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டதும் காலை ஸ்டார்ட்டிங் சுறுசுறுப்பானது, ஐடிலிங் சீரானது. வேகத்திலோ இழுவையிலோ, சரியாக வைத்த பாயிண்டை விட எதுவும் கூடவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்து ஆடும் வண்டிக்கு மாட்யூலின் பலன் அதிகம், ஏனென்றால் அந்த ஆட்டத்தில் பாயிண்ட் இடைவெளி நிலைக்காது. வாங்குமுன் பேட்டரியின் எந்த முனை பாடியோடு எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். மாறி இணைத்தால் மாட்யூல் அப்போதே போய்விடும். எஞ்சின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டு வைப்பதும் பல மாட்யூல்களுக்கு ஆகாது.

தினமும் அலுவலகத்துக்கு அம்பாசடரில் போகிறவருக்கு மாட்யூலைத் தயங்காமல் சொல்வேன். நெடுந்தூரம் போகிறவருக்குப் பாயிண்ட். பாயிண்ட் மக்கர் செய்தால் உப்புத்தாளும் ஃபீலர் கேஜும் கொண்டு சாலையோரத்திலேயே சரிசெய்யலாம். மாட்யூல் முன்னறிவிப்பே இல்லாமல் நிற்கும், திறந்து பார்க்கவும் அதில் ஒன்றுமில்லை. மாட்யூல் போட்டவர்கள், கழற்றிய பாயிண்ட் பிளேட்டையும் நல்ல கண்டென்சரையும் ரோட்டாரையும் ஒரு டப்பாவில் போட்டு, ஸ்க்ரூடிரைவரோடு வண்டியிலேயே வையுங்கள்.