காலால் பேசும் கிட்டார்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் உருமி மேளம் கேட்டு வளர்ந்த காதுக்கு, கிட்டார் ஒலியை மாற்றும் வா-வா பெடல் அந்நியமல்ல. அங்கே வளைந்த குச்சி தோலில் உரசி முனகும். இங்கே அந்த வேலை பாதத்துக்கு. 1966இல் அமெரிக்காவின் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட் பிளங்கெட் இந்தப் பெடலை உருவாக்கினார். குதிகாலை அழுத்தினால் ‘ஊ’, முன்பாதத்தை அழுத்தினால் ‘ஆ’. சேர்ந்தால் நம் ‘வா’தான்!

பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கிட்டார் கடைகளுக்குப் போனால் பெடலை உட்கார்ந்து சோதிக்காதீர்கள். நின்று, மேடையில் போடும் அதே காலணியோடு மிதியுங்கள். செருப்போடு மிதித்தால் பாதம் பொய் சொல்லும். முதலில் ஃபஸ் எனும் கரடுமுரடான ஒலித்திரிபு இல்லாத சுத்தமான ஒலியில் மெதுவாக அசைத்துப் பாருங்கள். கரகரத்தால் உள்ளே மின்தடையை மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கலாம். எனக்கு ‘ஊ’விலிருந்து ‘ஆ’வுக்கு அவசரமில்லாமல் போகும் பெடல்தான் பிடிக்கும்; கிட்டார் கலைஞர் ஜிம்மி ஹெண்ட்ரிக்ஸின் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.