வீடும் லயமும்

வீடு என்னும் சொல் விடு என்னும் வினையடியாகப் பிறந்தது. கெடு என்பது கேடு எனவும், சுடு என்பது சூடு எனவும் நீளுதல் போல, விடு என்பது வீடு என நீண்டது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று இதனை மாணவர்க்குக் கற்பிப்பர். பகலெல்லாம் பட்ட பாட்டினின்று விடுபட்டு இளைப்பாறும் இடமே வீடு எனப் பொருள் கொள்ளலாம்.

இப்பொருளைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தின்மேல் வைத்துப் பார்த்தால் ஒரு முரண் புலப்படும். வேலையினின்று விடுபடும் நாளே லயத்தினின்றும் விடுபட வேண்டிய நாள். கொழுந்துக் கூடையை இறக்கி வைப்பவர் வீட்டுச் சாவியையும் உடன் ஒப்படைக்க வேண்டும். வேலையோடு பிணைத்த வீட்டின் நெறி இதுவே.

இந்நெறி எங்ஙனம் பிறந்தது? கேமரன் மலையில் போ தோட்டம் 1929ஆம் ஆண்டில் தோன்றியது. காடு திருத்தித் தேயிலை நட்ட அந்நாளில் தோட்டத்தருகே ஊருமில்லை, வாடகை வீடுமில்லை. ஆள் வேண்டுமாயின் வீடு கட்டியே தீரவேண்டும். ஒரே கூரையின்கீழ் அறைகளை வரிசையாக அடுக்கிய லயம், விடியுமுன் பெரட்டுக்கு ஆளைத் திரட்டவும் ஏற்றதாயிருந்தது. மண்வெட்டியும் கூடையும் போல வீடும் தொழிற்கருவிகளுள் ஒன்றாயிற்று.

பின்வந்த சட்டங்கள் அவ்வீட்டைத் திருத்த முயன்றன. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டம் 1966இல் இயற்றப்பட்டது. 1990இல் அதனிடத்தில் 446ஆம் சட்டம் வந்தது. குழாய்நீர், மின்சாரம், துப்புரவு, குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை அது வலியுறுத்தியது. 2019இல் திருத்தம்பெற்று, 2020 ஜூன் முதல் பிற தொழில்களுக்கும் விரிந்தது. இந்நன்மைகளை மறுத்தல் முறையன்று.

ஆயினும், சட்டமும் ஒரு நூலே. நூலுக்குரிய குற்றம் பத்தனுள் நன்னூலார் முதற்கண் வைத்தது குன்றக் கூறல். இச்சட்டத்தின் குற்றமும் அதுவே. வேலை செய்யும்வரை வீடு எப்படி இருக்கவேண்டும் என்று விரித்துரைக்கிறது. வேலை முடிந்தபின் அக்குடும்பம் எங்கே இருக்கும் என்பதற்கு வழி வகுக்கவில்லை. 2013 ஜூலை முதல் குறைந்தபட்ச ஓய்வு அகவை 60. அதன்பின் வாழும் காலம் சட்டத்தின் கண்ணில் படவில்லை.

“இலவசமாகத் தந்த வீட்டை வேலை நின்றபின்னும் கேட்பது நியாயமா?” என வினவுவோர் உளர். இலவசம் என்னும் சொல்லை இங்கே ஆராய்தல் வேண்டும். வீடு தருவதைக் காட்டிக் கூலி குறைத்து நிறுத்தப்பட்டதாயின், அவ்வீட்டுக்கு வாடகை செலுத்தப்பட்டே வந்திருக்கிறது. முப்பதாண்டு அங்ஙனம் செலுத்தியவர் வாடகைக் குடியினருக்குரிய நிலைபேற்றை மட்டும் பெறவில்லை.

மற்றொரு மறுப்பு வலியது. ஓய்வு பெற்றவரே லயத்தில் இருப்பின், புதிதாக வரும் அயல்நாட்டுத் தொழிலாளர் எங்கே தங்குவர்? அவர்க்கும் நல்ல கூரை வேண்டுமன்றோ? ஆகவே விடையை லயத்துக்கு வெளியே தேடவேண்டும். ஆனால் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் சுற்றுலா வாணிகத்தோடு போட்டியிட்டே குடும்பம் வீடு தேடவேண்டும். சரிவான மலையில் வீடு கட்டத்தக்க நிலமும் அரிது. கொழுந்து பறித்து ஓய்ந்த மூதாட்டி அப்போட்டியில் எங்ஙனம் வெல்வார்?

முன் நிகழ்ந்தவை இதற்கு வழிகாட்டும். 1950ஆம் ஆண்டுகளில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையும் வீடும் ஒருங்கே போயின. அதனைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி செலுத்திப் பங்கு சேர்த்தனர். அப்பணத்தால் சங்கம் தோட்டங்களை வாங்கியது. இலங்கை மலையகத்திலோ, லயத்துக்கு மாற்றாகக் குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலத்தில் தனிவீடு என்னும் திட்டம் எழுந்தது. இந்தியா முதலில் 4,000 வீடுகளுக்கு உதவ முன்வந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தது. எண்ணிக்கையினும், நிலவுரிமை தோட்டத்தினின்று குடும்பத்துக்கு மாறுவதே அத்திட்டத்தின் உயிர்.

கேமரன் மலையில் அனைவர்க்கும் சொந்த நிலம் எளிதன்று. நிலையான வாடகை வீடு இயலும். கோலாலம்பூரில் மக்கள் வீடமைப்புத் திட்டத்து அடுக்குமாடி வீடுகள் மாதம் 124 வெள்ளிக்கு விடப்பட்டதை நினைவுகூர்க. அதுபோலச் சாலையோரம் சிறு நிலத்தில் வீடு கட்டி, அதன் உரிமையை அரசிடமோ கூட்டுறவிடமோ வைத்தல் வேண்டும். வாடகை வருவாய்க்கேற்ப அமைய வேண்டும். பயணியர்க்கு உள்வாடகை விடுதல் கூடாது. வாடகையில் ஒரு பகுதியைப் பழுதுபார்ப்புக்கென ஒதுக்கவேண்டும். ஒதுக்காவிடின் இன்று கட்டியது நாளை மற்றொரு லயமாகும்.

இஃது முதியோர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. தாத்தா வீட்டை இழந்தால் மகன் குடும்பத்தோடு பட்டணம் போகிறான். பேரன் பள்ளி மாறுகிறான். தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் குறைகிறது. பள்ளியைக் காக்க விழைவோர் முதலில் வீட்டைக் காக்கவேண்டும்.